கும்மிருட்டு

— படலையிலை கை வையாதை. பூட்டியிருக்கு.

— அப்பா, பகிடி விடாதேங்கோ. திறவுங்கோ.

— உன்னோடை பகிடி விட எனக்கென்ன விசரே? பொலிஸ் ஜீப்பிலை வந்து இறங்கத் தெரிஞ்சவளுக்கு, அதிலையே ஏறித் திரும்பிப் போகவும் தெரியவேணும். ஒழுங்கை முழுக்கப் பார்த்துக்கொண்டு நிண்டது. உவன் இராசநாயகம் மதிலுக்கு மேலாலை கழுத்தை நீட்டிப் பார்க்கிறான். கனகலிங்கத்தின்ரை மோள் பொலிஸோடை வந்து இறங்கினவள் எண்ட கதையை நாளைக்குப் பருத்தித்துறைச் சந்தையிலை மீனோடை சேர்த்து விப்பான்.

— பஸ் போட்டுது அப்பா. லைற் சோதிச்சு முடியப் பிந்திப்போச்சு. அங்கத்தை அதிகாரி டிரைவரிட்டைச் சொல்லி விட்டவர். நான் ஒழுங்கை முடக்கிலை இறக்கச் சொன்னனான். அவன் விளங்காமல் படலை மட்டும் வந்திட்டான்.

— விளங்காமலோ? எங்கடை படலை அவங்களுக்கு வடிவா விளங்கும். உன்ரை அண்ணை பிரணவனை அந்த முடக்கிலை சுட்டுப் போட்டிட்டு, அவன்ரை அடையாள அட்டையைத் தா எண்டு இதே படலையிலை வந்து நிண்டவங்கள்தானே.

— அது வேறை ஆக்கள்.

— காக்கிச்சட்டை வேறையோ?

— இஞ்சேருங்கோ, பிள்ளை ஒழுங்கையிலை நிக்குது. உள்ளுக்கை விட்டிட்டுப் பேசுங்கோவன். பொழுதும் படுகுது.

— நாகேஸ்வரி, நீர் உள்ளுக்கை போம். இது உம்மடை கதை இல்லை.

— நான் பெத்த பிள்ளையின்ரை கதை எனக்கில்லையோ?

— போம் எண்டெல்லோ சொன்னனான். அடுப்பிலை கறி கிடக்கு, அதைப் பாரும். நீ சொல்லு தக்சாயினி. இவ்வளவு நாளும் எனக்கு என்ன சொன்னனீ? திருநெல்வேலியிலை கந்தோர், பள்ளிக்கூடத்துக்கு லைற் பிளான் கீறுறம், ஆஸ்பத்திரிக்கு லைற் பிளான் கீறுறம் எண்டாய். நானும் என்ரை மோள் இஞ்சினியர் எண்டு ஊர்ச் சங்கத்திலை ஆக்களுக்குச் சொல்லித் திரிஞ்சன். இண்டைக்கு அந்த டிரைவர் அரைகுறைத் தமிழிலை எனக்குச் சொல்லுறான், ஐயா, உங்கட மகள் நல்ல கெட்டி, எங்கட சூட்டுப் பயிற்சி மண்டபத்துக்கு அவதான் லைற் எண்டு. சிரிச்சுக்கொண்டு சொல்லுறான்! என்ரை மோனைச் சுட்டவங்களுக்கு என்ரை மோள் விளக்குப் பிடிக்கிறாள்.

— முதலே சொல்லியிருந்தால் விட்டிருப்பியளே?

— அதுக்கு ஒளிக்கிறதோ?

— ஓம், ஒளிச்சன். இந்த வீட்டிலை பொலிஸ் எண்டு ஒரு சொல்லுச் சொன்னாலே சாப்பாட்டுக் கோப்பை பறக்கும். பேந்து என்னெண்டு சொல்லுறது?

— சொல்ல வேண்டாம். வேலையை விட்டிருக்கவேணும். உன்ரை கந்தோரிலை வேறை ஆக்கள் இல்லையே? அந்த எமில்ராஜ் இல்லையே?

— எமில்ராஜ்தான் முதல்லை செய்தவன். அவனிட்டை இருந்து நான்தான் கேட்டு வாங்கினன்.

— என்ன சொன்னனீ?

— கேட்டு வாங்கினன் எண்டனான். வடிவாக் கேட்டுக்கொள்ளுங்கோ.

— நாகேஸ்வரி! கேட்டீரே உம்மடை பிள்ளையின்ரை வாயை? கேட்டு வாங்கினதாம்! தமையன்ரை திவசத்துக்குச் சமைச்ச சட்டி இன்னும் காயேல்லை, இவ போய் அவங்களிட்டைக் கேட்டு வாங்கிறா.

— என்னை உள்ளுக்கை போகச் சொல்லிப்போட்டு இப்ப என்னத்துக்குக் கூப்பிடுறியள்? ஒண்டில் போகச் சொல்லுங்கோ, இல்லாட்டில் நிக்கச் சொல்லுங்கோ.

— நில்லும். நிண்டு கேளும். நான் இவளுக்கு ஒரே ஒரு கதைதான் சொல்லப்போறன். இஞ்சை பார் தக்சா. நாளைக்குக் காலமை அந்த வேலையை வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு வா. படலை திறக்கும். இல்லையெண்டால் உனக்கு இந்த வீடு இல்லை. எனக்குப் பிள்ளையளும் இல்லை. விளங்குதே?

— விளங்குது. வேலை எண்டால் என்ன வேலை எண்டாவது கேக்கமாட்டியளோ?

— லைற் கொழுவுறதுதானே.

— கொழுவுறதில்லை. சுடுறவன் நிக்கிற இடத்திலை ஒரு வெளிச்சம், குறிப்பலகையிலை அதைவிடக் கூட. கண் கூசக் கூடாது. வெடி படாமல் லைற் எல்லாம் தடுப்புக்குப் பின்னாலை இருக்கவேணும்.

— ஓகோ. லைற்றிலை வெடி படக் கூடாது. லைற்றுக்கு இருக்கிற மரியாதை என்ரை மோனுக்கு இருக்கேல்லை.

— அப்பா, கேளுங்கோ. ஆரும் கதவைத் திறந்தால் அந்த நிமிசமே எல்லா லைற்றும் முழுசா எரியவேணும், வாசல்லை சிவப்பு எரியவேணும், சுடுறது நிக்கவேணும். கரன்ட் போனால் ஜெனரேற்றர் பிடிக்கிறமட்டும் பற்றறி தாங்கவேணும். சுவரிலை பெரிய சிவப்புப் பொத்தான் வைச்சிருக்கிறன். ஆர் வேணுமெண்டாலும் அமத்தலாம். கூட்டித் துடைக்க வாற மனிசி அமத்தினாலும் எல்லாரும் துவக்கைக் கீழை வைக்கவேணும்.

— எங்கடை முடக்கிலை உப்பிடி ஒரு பொத்தான் இருந்திருந்தால் நான் அமத்தியிருப்பன்.

— தெரியும் அப்பா.

— என்ன தெரியும்? உனக்கு ஒண்டும் தெரியாது.

— அதிலை இன்னொரு பாகம் இருக்கு. வெளிச்சத்தைக் குறைச்சு, மண்டபத்தைப் பொழுதுபட்ட ஒழுங்கை மாதிரி ஆக்கிப்போட்டு, ஆளின்ரை படம் ஒண்டைக் கொண்டந்து நிப்பாட்டுறது. ஒரு படத்திலை கையிலை துவக்கு இருக்கும். இன்னொண்டிலை குடை. இன்னொண்டிலை போன். சுடுறதோ விடுறதோ எண்டு அவன் பார்த்துத் தீர்மானிக்கவேணும். பழக்கிறதுக்கு.

— போனோ?

— ஓம், போன். எமில்ராஜ் கீறின பிளானைப் பார்த்துக்கொண்டு இருக்கேக்கை அந்தச் சொல்லு கண்ணிலை பட்டுது. அண்ணை அண்டைக்குக் கையிலை வைச்சிருந்ததும் அதுதானே. இதை நான் செய்யிறன், தா எண்டு வாங்கினன்.

— எடி விசரி, நீ லைற் போட்டுப் பழக்கிவிட்டால் அவங்கள் இனிப் போன் வைச்சிருக்கிறவனைப் பார்த்து, தம்பி நீ போ எண்டு விடுவாங்கள் எண்டு நினைக்கிறியோ? இன்னும் வடிவாக் குறி வைப்பாங்கள். முந்தி இருட்டிலை சுட்டதை இனி வெளிச்சத்திலை சுடுவாங்கள், அவ்வளவுதான்.

— முந்தியும் வெளிச்சத்திலைதான் சுட்டவன்.

— என்ன?

— அண்ணையைச் சுட்டவன் வெளிச்சத்திலைதான் சுட்டவன் எண்டுறன்.

— உனக்கென்ன தெரியும்? நீ அண்டைக்குக் கம்பஸிலை இருந்தனீ. வெடிச் சத்தம் கேட்டு ஓடினவன் நான். அவன்ரை தலையை மடியிலை வைச்சிருந்தவன் நான். கும்மிருட்டு! முடக்கிலை போஸ்ற் நிக்குது, அதிலை லைற் இல்லை. பிரதேச சபைக்கு எத்தினை பெட்டிசம் எழுதினனான்? சங்கத் தலைவர் எண்டு கையெழுத்து வைச்சு, சீல் குத்தி எழுத்திலை குடுத்தனான். திரும்பிப் பார்க்கேல்லை. அவங்கள் ஒரு லைற் குமிழைக் கொழுவியிருந்தால் என்ரை பிள்ளை இண்டைக்கு இருந்திருப்பான். கோட்டிலையும் அதைத்தானே சொன்னனான். ஐயா, என்ரை பிள்ளை செத்தது இந்தச் சபையாலைதான், ஒழுங்கை கும்மிருட்டு, கையை நீட்டினால் கை தெரியாது எண்டு நீதவானுக்கு முன்னாலை நிண்டு சொன்னனான்.

— சொன்னியள். சுட்டவன்ரை அப்புக்காத்து எழும்பி உங்களைக் கும்பிடாத குறை.

— என்னடி கதைக்கிறாய்?

— நான் பின் வாங்கிலிலை இருந்து பார்த்தனான் அப்பா. அதுமட்டும் அந்தாள் என்ன சொல்லுறதெண்டு தெரியாமல் முழுசிக்கொண்டு இருந்தவர். நீங்கள் சொல்லி வாய் மூடேல்லை, எழும்பிட்டார். செத்தவன்ரை தகப்பனே சொல்லுறார் கை தெரியாத இருட்டெண்டு, அந்த இருட்டிலை என்ரை கட்சிக்காரனுக்குப் போன் எது, துவக்கு எது எண்டு என்னெண்டு தெரியும் எண்டார். அதோடை வழக்கு முடிஞ்சுது. தவறுதலாச் சுட்டதாம். இடமாற்றமாம். அவன் இப்ப எங்கையோ தெற்கிலை சோறு திண்டுகொண்டிருக்கிறான்.

— என்னையோ குற்றம் சொல்லுறாய்?

— நீங்கள் சபையைப் பிடிக்கப் போய்ச் சுட்டவனை விட்டிட்டியள்.

— வாயைப் பொத்து!

— ஏன் பொத்தவேணும்? அது மரண விசாரணை அப்பா. நீங்கள் அதையும் ஒரு பெட்டிசம் எண்டு நினைச்சுக்கொண்டு போனனீங்கள்.

— பிள்ளை, காணும். அப்பாவுக்கு நெஞ்சு வருத்தம்.

— எனக்கும்தான் நெஞ்சு இருக்கு அம்மா. இந்தா, பாருங்கோ. பத்துது.

— எது?

— இராசநாயக மாமாவின்ரை மதில் லைற். நீங்கள் அந்தப் பக்கம் பார்க்கிறேல்லை எண்டு எனக்குத் தெரியும். இண்டைக்கு ஒருக்காப் பாருங்கோ.

— உவன்ரை லைற்றும் ஒரு லைற்றே! என்ரை காணியிலை ஒரு முழத்தை மதிலுக்கை விழுங்கிப்போட்டு, கனடாவிலை இருக்கிற மோனின்ரை காசிலை விளக்கு வைச்சிருக்கிறான், ஊருக்குத் தருமம் செய்யிறவன் மாதிரி. அந்த வெளிச்சத்திலை நான் நடக்கிறேல்லை. முடக்காலை போகேக்கை என்ரை ரோச்சை அடிச்சுக்கொண்டுதான் போறனான்.

— அண்ணை செத்த அண்டைக்கும் அது எரிஞ்சது.

— எரிஞ்சுதோ, அணைஞ்சுதோ, ஆர் கண்டது?

— சோலார் அப்பா. அதுக்குக் கரன்டும் வேண்டாம், சபையும் வேண்டாம். பொழுதுபடத் தானாப் பத்தும். அப்ப பற்றறியும் புதிசு, இண்டைக்கு எரியிறதைவிட நல்லா எரிஞ்சிருக்கும். மாமா செத்தவீட்டுக்கு வந்தவர், கோட்டுக்கு வந்து சாட்சி சொல்லுறன் எண்டு சொல்லுறதுக்கு. நீங்கள் அவருக்கும் இந்தப் படலையைத்தான் பூட்டினனீங்கள்.

— பிள்ளையைப் பறிகுடுத்திட்டு நிக்கேக்கை உவனிட்டைப் போய் நான் கெஞ்சிறதோ?

— கெஞ்சத் தேவையில்லை, கதைக்க விட்டிருந்தால் காணும். போன கிழமை நீங்கள் சங்கத்துக்குப் போன நேரம், வெளிச்சம் அளக்கிற மீற்றரைக் கொண்டந்து அண்ணை விழுந்த இடத்திலை நிண்டு அளந்தனான். அம்மா படலையிலை நிண்டு பார்த்துக்கொண்டு நிண்டவ. ஏனெண்டு ஒரு சொல்லுக் கேக்கேல்லை. அந்த அளவை அப்பிடியே கொண்டுபோய் அந்த மண்டபத்திலை வைச்சன். இண்டைக்குத்தான் சோதிச்சது. அங்கை நிண்ட பொலிஸ்காரரையே கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னன். குடை எண்டாங்கள், துவக்கு எண்டாங்கள், போன் எண்டாங்கள். ஒருத்தனும் பிழை விடேல்லை. எமில்ராஜ் கண்ணாடியைக் கழட்டிப்போட்டுப் பார்த்தான், அவனும் போன் எண்டான். கடைசியா அந்த அதிகாரி என்னட்டை வந்து என்ன சொன்னவர் தெரியுமோ?

— என்ன சொன்னவன்?

— மிஸ், இந்த வெளிச்சம் கூடிப்போச்சு. இதிலை பச்சைப்பிள்ளையும் பிழை விடாது. பழக்கத்துக்கு இது உதவாது, நல்லாக் குறையுங்கோ எண்டார்.

— பொலிஸோ சொன்னது?

— அவருக்கு அது எந்த ஒழுங்கையின்ரை வெளிச்சம் எண்டு தெரியாது. நான் ஓம் சேர் எண்டு சொல்லிப்போட்டு வெளியிலை வந்தனான். பைப்படியிலை முகத்தைக் கழுவிக் கழுவி நிக்கத்தான் பஸ் போனது.

— ஐயோ என்ரை குஞ்சு. இஞ்சேருங்கோ, படலையைத் திறவுங்கோவன்.

— பொறும். அது மண்டபம், இது ஒழுங்கை. அங்கை ஏசியுக்கை நிண்டு பார்க்கிறதும் இஞ்சை நிண்டு பார்க்கிறதும் ஒண்டோ? உன்ரை மீற்றரிலை எனக்கு நம்பிக்கை இல்லை.

— அப்ப மீற்றர் வேண்டாம். கண்ணாலை பார்ப்பம். நீங்கள் உதிலையே நில்லுங்கோ. நான் அண்ணை நிண்ட இடத்துக்குப் போறன்.

— எங்கை போறாய்? தக்சா, வா இஞ்சாலை. விசர் விளையாட்டு விளையாடாதை.

— இதிலைதானே விழுந்தவன்? சுட்டவன் உங்களைவிடக் கிட்ட நிண்டவன். இப்ப கையைத் தூக்குறன்.

— கையைக் கீழை விடு!

— கையிலை என்ன இருக்கு, சொல்லுங்கோ.

— கையைக் கீழை விடடி எண்டுறன்!

— என்ன இருக்கு அப்பா?

— திறப்பு! கந்தோர்க் கதவின்ரை திறப்பு, சிவப்பு நாடா கட்டினது! மற்றக் கையிலை போன்! கையைக் கீழை விடு, அந்த இடத்தை விட்டு இஞ்சாலை வா, என்னாலை பார்க்கேலாது!

— கண்ணாடி போட்டிருக்கிறியளே?

— கண்ணாடி உள்ளுக்கை மேசையிலை கிடக்கு பிள்ளை. அவர் போடேல்லை.

— உம்மை ஆர் கேட்டது நாகேஸ்வரி?

— ஒருத்தரும் கேக்கேல்லை.

— தக்சா. கிட்ட வா. எனக்கு அண்டைக்கு இருட்டாத்தான் இருந்தது பிள்ளை. கடவுளாணை. நான் பொய் சொல்லேல்லை.

— நீங்கள் பொய் சொன்னனீங்கள் எண்டு நான் சொல்லேல்லை அப்பா. பிள்ளையின்ரை தலையை மடியிலை வைச்சிருக்கிறவனுக்கு நடு மத்தியானமும் இருட்டாத்தான் இருக்கும். அதைக் கோட்டிலை அப்பிடியே சொல்லியிருக்கலாம். நீங்கள் சபையின்ரை போஸ்ற்றைப் பற்றிச் சொன்னனீங்கள்.

— இப்ப என்னை என்ன செய்யச் சொல்லுறாய்?

— லோயர் சாருஜா அக்காவோடை கதைச்சனான். மீற்றர்க் கணக்கு மட்டும் காணாதாம். கோட்டுப் பதிவிலை உங்கடை சொல்லு கிடக்கிறமட்டும் ஒண்டும் அசையாதாம். நீங்கள் வந்து, நான் சொன்னது பிழை, அந்த இடத்திலை வெளிச்சம் இருந்தது, இராசநாயகத்தின்ரை லைற் எரிஞ்சது எண்டு சொல்லவேணும். அப்பதான் வழக்கைத் திருப்பித் திறக்கச் சொல்லிக் கேக்கலாமாம்.

— சத்தியம் பண்ணிச் சொன்னதை மாத்திச் சொல்லுறதோ?

— ஓம்.

— இவ்வளவு வயசுக்குப் பிறகு கனகலிங்கம் கோட்டிலை பொய் சொன்னவன் எண்டு பேர் எடுக்கிறதோ? சங்கத்திலை என்னை ஆர் மதிப்பான்? அதுவும் உவன் இராசநாயகத்தின்ரை லைற்றைப் பிடிச்சுக்கொண்டு? அவன் மதிலுக்கு மேலாலை பார்த்துச் சிரிக்க?

— அண்ணையைவிட மதில் பெரிசோ?

— பெரிய கதை கதையாதை! எனக்கும் அவன் பிள்ளைதான். ஆனால் நான் போய்ப் பிழை எண்டு சொன்னால் அவங்கள் என்ன கேப்பாங்கள்? அண்டைக்கு இருட்டெண்டாய், இண்டைக்கு வெளிச்சமெண்டிறாய், மோள் சொல்லித் தந்தவளோ எண்டு கேப்பாங்கள். உன்ரை மீற்றர் சொல்லுது, உன்ரை மண்டபம் சொல்லுது. எல்லாம் பிறகு வந்த சாட்சி. அண்டைக்கு, அந்த நேரம், இந்த ஒழுங்கையிலை நிண்டு கண்ணாலை கண்டது ஆர்? ஒருத்தரும் இல்லை. எல்லாரும் கதவைச் சாத்திப்போட்டு இருந்தவங்கள். கண்ணாலை கண்ட ஒரு ஆளைக் கொண்டந்து என்ரை முன்னாலை நிப்பாட்டு. நாளைக்கே நான் உன்னோடை கோட்டுக்கு வாறன். எழுத்திலை வேணுமெண்டாலும் தாறன்.

— நான் கண்டனான்.

— நீர் அண்டைக்குக் குசினியிலை இருந்தனீர் நாகேஸ்வரி.

— குசினியிலை இருக்கேல்லை. பிள்ளை இன்னும் வரேல்லை எண்டு படலையிலை நிண்டனான், இப்ப நீங்கள் நிக்கிற இடத்திலை. முடக்கிலை வரேக்கையே அவன்ரை சேட்டு நிறம் தெரிஞ்சது. நில் எண்டாங்கள், நிண்டான். கையைத் தூக்கடா எண்டாங்கள், போனோடை தூக்கினான். சுட்டவன் ரெண்டடி கிட்ட வந்து, அந்தக் கையை அண்ணாந்து பார்த்திட்டுத்தான் சுட்டவன். அவன்ரை மீசையிலை நரை இருந்தது. அதுகூடத் தெரிஞ்சது.

— அம்மா, எனக்குக்கூடச் சொல்லேல்லையே.

— இவ்வளவு காலமும் ஏன் வாயைத் திறக்கேல்லை? கோட்டுக்கு வந்தனீர்தானே! எனக்குப் பின்னாலை இருந்தனீர்தானே!

— இருந்தனான். என்னைக் கூப்பிட்டால் சொல்லுவம் எண்டுதான் வந்து இருந்தனான். நீங்கள் முதல்லை ஏறிச் சத்தியம் பண்ணி இருட்டெண்டு சொல்லிப்போட்டியள். பேந்து நான் ஏறி வெளிச்சத்திலை கண்டனான் எண்டு சொன்னால், ரெண்டு பேரிலை ஆர் பொய்யெண்டு உங்களைத்தான் பிடிச்சு உலுப்பியிருப்பாங்கள். பிள்ளையையும் குடுத்திட்டு உங்களையும் குடுக்க அண்டைக்கு எனக்கு மனம் வரேல்லை. இப்ப வருது.